இந்த வரிக்கு இங்கே என்ன வேலை?

வாதத்தில் ஒவ்வொரு கூற்றின் பங்கையும் கண்டுபிடிக்கும் முறை

சட்டப் படிப்புக்கும் மேலாண்மைப் படிப்புக்கும் நடக்கும் நுழைவுத்தேர்வுகளில் ஒரு கேள்வி வகை திரும்பத் திரும்ப வரும். ஐந்தாறு வரியில் ஒரு வாதம் இருக்கும். அதில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, 'இந்தக் கூற்று வாதத்தில் என்ன பங்கு வகிக்கிறது?' என்று கேட்பார்கள். அந்த வரி உண்மையா என்று கேட்பதில்லை. படிப்பவர் அதை ஏற்கிறாரா என்பதும் அங்கே பேச்சில்லை. அந்த வரிக்கு அந்த இடத்தில் என்ன வேலை என்பது மட்டும்தான் கேள்வி.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் 'லாஜிக் கேம்ஸ்' என்ற புதிர்ப் பகுதி 2024 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. மதிப்பெண் கணக்கில் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு இப்போது வாதங்களை ஆராயும் லாஜிக்கல் ரீசனிங். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் இதே கேள்வி தடித்த எழுத்தில் அச்சிட்ட இரண்டு பகுதிகளைக் காட்டி வருகிறது. இந்தியாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வில் 120 நிமிடத்துக்கு 120 கேள்விகள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 0.25 மதிப்பெண் போய்விடும். திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் இளநிலைச் சட்டப் படிப்புக்கும் இதுதான் வாசல். 'பங்கு என்ன?' என்று நேரடியாகக் கேட்காத இடத்திலும் இந்தத் திறமை வேண்டும். வாதத்தை வலுப்படுத்துவது எது, பலவீனப்படுத்துவது எது, சொல்லாமல் விட்ட ஊகம் எது என்று எந்தக் கேள்வி வந்தாலும், எது முடிவு, எது ஆதாரம் என்று பிரிக்கத் தெரியாதவரால் முதல் அடியே எடுத்துவைக்க முடியாது.

கல்யாண வீட்டில் ஒருவர் மாமாவா சித்தப்பாவா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. யாருக்கு என்று கேட்க வேண்டும். ஒருவருக்கு மாமாவாக இருப்பவரே இன்னொருவருக்கு மருமகன். கூற்றுகளும் அப்படித்தான். ஒரு வரியை மட்டும் தனியே பிடுங்கி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உற்றுப்பார்த்தாலும் அதன் பங்கு தெரியாது. பக்கத்து வரிகளுக்கு அது என்ன உறவு என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த உறவைப் பிடிக்கும் பயிற்சிதான்.

தேவையான அளவு தத்துவம்

தேர்வுகளில் அடிக்கடி வரும் பங்குகள் ஏழு.

1. மைய முடிவு: எழுதியவர் நம்மை ஏற்கவைக்க விரும்பும் கருத்து. மற்ற வரிகளெல்லாம் இதற்காகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.
2. ஆதாரம்: வேறொரு கூற்றைத் தாங்கும். இதற்கு வாதத்துக்குள் காரணம் சொல்லியிருக்காது.
3. இடைமுடிவு: கீழிருந்து ஆதாரம் வாங்கி, மேலே மைய முடிவுக்கு ஆதாரமாக நிற்கும்.
4. பொதுவிதி: 'இப்படிப்பட்ட சூழலில் இப்படித்தான் செய்ய வேண்டும்' என்பது போன்ற கூற்று. ஆதாரத்தில் ஒரு வகை.
5. எதிர்க்கருத்து: எழுதியவர் மறுப்பதற்காக எடுத்துச் சொல்லும் பிறர் கருத்து.
6. ஒப்புதல்: தன் தரப்புக்குப் பாதகமானது என்று தெரிந்தும் எழுதியவர் ஒத்துக்கொள்ளும் செய்தி.
7. பின்னணி: களத்தை விளக்கும் தகவல். யாருக்கும் சாட்சி சொல்லாது.

கூற்றுகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் வாதத்தின் உறுப்புகளைப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்தாகப் பிரித்து மணிமேகலைக்குக் கற்பிக்கிறார். மலையில் தீ இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவது ஏது. புகையும் தீயும் சேர்ந்தே இருக்கும் சமையலறை திட்டாந்தம். நிறுவ வேண்டிய கருத்து அங்கே முதலில் வந்துவிடுகிறது, காரணம் பின்னால் வருகிறது. முடிவு என்றால் கடைசி வரியில்தான் இருக்கும் என்று நம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு வாதம்: பிராட் தெரு, 1854

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. மருத்துவர் ஜான் ஸ்னோ வீடு வீடாக விசாரித்து, பிராட் தெருவிலிருந்த ஓர் அடிபம்பைச் சந்தேகித்தார். செப்டம்பர் 7ஆம் தேதி மாலை ஊர் நிர்வாகக் குழுவிடம் பேசினார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அவர் திரட்டிய செய்திகளைக் கொண்டு, தேர்வுத்தாள் பாணியில் இங்கே ஒரு வாதம் எழுதப்பட்டிருக்கிறது. கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன் பேசப்படுவதாக எண்ணிப் படியுங்கள்.

(1) காலரா கெட்ட காற்றால் பரவுகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்புகிறார்கள். (2) பிராட் தெருப் பகுதியில் துர்நாற்றம் வீசுவது உண்மைதான். (3) இருந்தாலும், உடனே செய்ய வேண்டியது அந்தத் தெருவின் அடிபம்புக் கைப்பிடியைக் கழற்றுவதே. (4) அதே தெருவிலுள்ள பீர் ஆலையில் எழுபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். பம்புத் தண்ணீரைக் குடிக்காத அவர்களில் ஒருவரையும் காலரா கடுமையாகத் தாக்கவில்லை. (5) பல மாதங்களாக அந்தத் தெருப் பக்கமே வராத ஹாம்ஸ்டெட் பெண்மணி ஒருவர், அங்கிருந்து புட்டியில் வரவழைத்த தண்ணீரைக் குடித்து, காலராவில் இறந்தார். (6) ஆகவே, நோயைக் கொண்டுவருவது அந்தப் பம்பின் தண்ணீர்தான். (7) நோய் தரும் தண்ணீர் மக்களுக்குக் கிடைக்காமல் செய்வது ஊர் நிர்வாகத்தின் கடமை.

கேள்வி: (6)ஆம் கூற்று இந்த வாதத்தில் என்ன பங்கு வகிக்கிறது?

விடையை இப்போதே முடிவு செய்துவிடாமல் கீழே உள்ள வரிசைப்படி போங்கள்.

ஆறு படிகள்

படி 1. கேள்வியை முதலில் படியுங்கள். எந்த வரியைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, பத்தியில் அதைக் குறித்துவிடுங்கள். கிளாட் காகிதத்தில் நடப்பதால் ஒரு கோடு போதும். கணினியில் எழுதும் தேர்வில், கூற்றுக்கு எண் கொடுத்துக் குறிப்புத்தாளில் எழுதிக்கொள்ளலாம்.

படி 2. அந்த வரியை விட்டுவிட்டு மைய முடிவைத் தேடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். கேட்ட வரியையே சுற்றிச்சுற்றி வருவார்கள். மைய முடிவு எது என்று தெரியாதவரை எந்த வரியின் பங்கையும் உறுதியாகச் சொல்ல முடியாது. 'இவ்வளவும் சொல்லி, இவர் என்னதான் சொல்ல வருகிறார்?' என்று கேளுங்கள். பிராட் தெரு வாதத்தில் விடை: கைப்பிடியைக் கழற்ற வேண்டும். அதாவது (3).

படி 3. குரல் யாருடையது என்று பாருங்கள். (1)இல் பேசுவது எழுதியவர் அல்ல, 'பெரும்பாலான மருத்துவர்கள்'. 'சிலர் கூறுவர்', 'பொதுவாக நம்பப்படுகிறது', 'விமர்சகர்கள் சொல்வதுபோல' என்ற தொடர்களைக் கண்டதும் அந்த வரியின் ஓரத்தில் ஒரு 'பி' போடுங்கள்: பிறர் குரல். பிறர் குரலெல்லாம் எதிர்க்கருத்தாகிவிடாது. ஒரு நிபுணரைத் துணைக்கு அழைத்தாலும் அது பிறர் குரல்தான். எழுதியவர் அடுத்து அதை மறுக்கிறாரா, பயன்படுத்துகிறாரா என்று பார்த்த பிறகே தீர்மானிக்க வேண்டும்.

படி 4. கேட்ட வரிக்கு இரண்டு கேள்விகள் போடுங்கள்.

முதல் கேள்வி: 'ஏன்?' அந்த வரியை ஏன் ஏற்க வேண்டும் என்பதற்கு வாதத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறதா?
இரண்டாம் கேள்வி: 'அதனால்?' அந்த வரியைக் கொண்டு எழுதியவர் வேறு எதையாவது நிறுவுகிறாரா?

நான்கு நிலைகள்தான் வரும்.

- 'ஏன்' உண்டு, 'அதனால்' இல்லை: மைய முடிவு.
- 'ஏன்' உண்டு, 'அதனால்' உண்டு: இடைமுடிவு.
- 'ஏன்' இல்லை, 'அதனால்' உண்டு: ஆதாரம். பொதுவிதியும் எடுத்துக்காட்டும் பெரும்பாலும் இதற்குள் அடங்கும்.
- இரண்டும் இல்லை: பின்னணி, எதிர்க்கருத்து அல்லது ஒப்புதல். குரலும் தொனியும் மூன்றையும் பிரித்துக் காட்டும்.

(6)ஐ எடுத்துக்கொள்வோம். தண்ணீர்தான் காரணம் என்று ஏன் நம்ப வேண்டும்? தெருவிலேயே இருந்தும் அந்தத் தண்ணீரைக் குடிக்காதவர்கள் தப்பினார்கள் (4). தெருவுக்கே வராமல் தண்ணீரை மட்டும் குடித்தவர் இறந்தார் (5). ஆக, 'ஏன்' உண்டு. தண்ணீர்தான் காரணம், அதனால்? அப்படிப்பட்ட தண்ணீரைத் தடுப்பது நிர்வாகத்தின் கடமை (7) என்பதால் கைப்பிடியைக் கழற்ற வேண்டும் (3). 'அதனால்' உண்டு. எனவே (6) இடைமுடிவு.

படி 5. விடைகளைப் பார்ப்பதற்கு முன் சொந்தச் சொற்களில் பங்கைச் சொல்லுங்கள். 'இது நாலிலும் ஐந்திலும் நின்று, மூன்றைத் தாங்குகிறது' என்ற அளவில் போதும். பாடநூல் மொழி தேவையில்லை. இதைச் சொல்லாமல் விடைகளுக்குள் நுழைபவருக்கு நான்கு விடைகளும் நியாயமாகத் தெரியும்.

படி 6. விடைகளைத் துண்டு துண்டாகச் சரிபாருங்கள். இதற்குக் கீழே தனிப் பகுதி இருக்கிறது.

குறிப்பு: 'ஆகவே' சோதனை. இரண்டு வரிகளில் எது மைய முடிவு, எது இடைமுடிவு என்று குழப்பம் வந்தால், இரண்டையும் 'ஆகவே' போட்டு இருமுறை படியுங்கள். 'பம்பின் தண்ணீர்தான் காரணம். ஆகவே கைப்பிடியைக் கழற்ற வேண்டும்.' பொருந்துகிறது. 'கைப்பிடியைக் கழற்ற வேண்டும். ஆகவே பம்பின் தண்ணீர்தான் காரணம்.' பொருந்தவில்லை. 'ஆகவே'வுக்குப் பின்னால் இயல்பாக உட்காரும் வரிதான் மேலே இருப்பது. இந்த ஒரு சோதனையை மட்டும் பழக்கிக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இடைமுடிவு: அதிகம் சறுக்கும் இடம்

பங்கு கேள்விகளில் மிகவும் கடினமானது எதுவென்றால் தயங்காமல் இடைமுடிவைச் சொல்லலாம். அதற்கு இரண்டு முகங்கள் இருப்பதுதான் காரணம். கீழேயுள்ள ஆதாரங்களைப் பார்த்தால் அது முடிவு. மேலேயுள்ள முடிவைப் பார்த்தால் அது ஆதாரம். ஒரு முகத்தை மட்டும் பார்த்தவர் 'மைய முடிவு' என்ற விடையைத் தேர்ந்துவிடுவார், இன்னொரு முகத்தை மட்டும் பார்த்தவர் 'வெறும் ஆதாரம்' என்பார். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் அந்த இரண்டு விடைகளையும் தவறாமல் வைத்திருப்பார்கள்.

பிராட் தெரு வாதத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 'ஆகவே' என்ற சொல் இடைமுடிவில்தான் வருகிறது. மைய முடிவான (3)இல் அப்படி எந்தச் சொல்லும் இல்லை. அது 'இருந்தாலும்' என்று தொடங்கி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 'ஆகவே' என்ற சொல் 'என்னைத் தாங்க ஆதாரம் இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்கிறது. 'நான்தான் கடைசி முடிவு' என்று அது சொல்வதில்லை.

எழுதியவரின் நோக்கத்தைக் கவனிப்பதும் உதவும். பிரச்சினையின் காரணத்தைச் சொல்லும் வரியும் அதற்குத் தீர்வு சொல்லும் வரியும் ஒரே வாதத்தில் இருந்தால், பெரும்பாலும் தீர்வுதான் மைய முடிவாகவும் காரணம் இடைமுடிவாகவும் இருக்கும். 'பெரும்பாலும்' என்பதை மறக்காதீர்கள். நோயின் காரணத்தை நிறுவுவதே கட்டுரையின் நோக்கமாக இருந்து, தீர்வு போகிறபோக்கில் சொல்லப்பட்டிருந்தால் நிலைமை மாறும். ஸ்னோ 1855இல் வெளியிட்ட விரிவான நூல் அப்படிப்பட்டது. காலரா எப்படிப் பரவுகிறது என்பதை நிறுவுவதுதான் அதன் மையம். ஒரே கூற்று ஓரிடத்தில் இடைமுடிவாகவும் வேறோரிடத்தில் மைய முடிவாகவும் வேலை செய்யும்.

விடைகளை உடைத்துப் பார்ப்பது

(6)ஆம் கூற்றுக்கு இந்த நான்கு விடைகள் தரப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

அ) வாதத்திலுள்ள மற்ற கூற்றுகள் அனைத்தும் நிறுவ முயலும் மைய முடிவு.
ஆ) மைய முடிவுக்கு ஆதாரமாகத் தரப்படும் கூற்று, அதற்கு வேறு ஆதாரம் எதுவும் வாதத்தில் இல்லை.
இ) மைய முடிவை ஏற்கத் தூண்டுவதற்காகத் தரப்படும் கூற்று, அதற்கே வாதத்தில் வேறு ஆதாரங்கள் உண்டு.
ஈ) வாதம் எதிர்க்கும் கருத்துக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட கூற்று.

ஒவ்வொரு விடையையும் அதிலுள்ள உறுதிமொழிகளாக உடையுங்கள். (ஆ)வில் இரண்டு உறுதிமொழிகள். மைய முடிவுக்கு ஆதாரம் என்பது சரி. வேறு ஆதாரம் இல்லை என்பது தவறு; (4), (5) இரண்டும் கண்முன் நிற்கின்றன. பாதி சரியான விடை முழுத் தவறு. (அ) 'அனைத்தும்' என்கிறது. கெட்ட காற்றைப் பற்றிப் பேசும் (1) இதை நிறுவவா முயல்கிறது? அந்த ஒரு சொல்லே விடையைக் கவிழ்த்துவிடுகிறது. (ஈ)க்கு நேரம் செலவழிக்க வேண்டாம். (இ) இரண்டு பாதியிலும் சரி.

ஜிமேட்டின் தடித்த எழுத்துக் கேள்விகளிலும் இதே முறைதான். ஒவ்வொரு விடையும் முதல் பகுதியின் பங்கையும் இரண்டாம் பகுதியின் பங்கையும் சேர்த்துச் சொல்லும். எந்தப் பகுதி உங்களுக்கு உறுதியாகத் தெரிகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு முதலில் விடைகளைக் கழியுங்கள்; பல நேரம் இரண்டு விடைகள்தான் மிஞ்சும். பிறகு மற்றப் பகுதிக்குப் போங்கள்.

குறிப்பு: 'நிரூபிக்கிறது' என்ற சொல்லுக்கும் 'ஆதரிக்கிறது' என்ற சொல்லுக்கும் வித்தியாசம் உண்டு. பீர் ஆலைச் செய்தி தண்ணீர்க் கருத்தை ஆதரிக்கிறது. தனியாக நின்று நிரூபிப்பதில்லை. விடையில் இப்படிக் கனமான சொல் இருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

வழக்கமான பிழைகள்

காரணம் சொல்வதையெல்லாம் வாதம் என்று நினைப்பது. இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். '2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோனதால், சென்னை மக்கள் குடங்களோடு லாரித் தண்ணீருக்குக் காத்துநின்றார்கள்.' அடுத்தது: '2019 கோடையில் அந்த நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோனதால், சென்னை ஏரிகளை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.' இரண்டிலும் அதே 'வறண்டுபோனதால்'. முதல் வாக்கியத்தில், மக்கள் காத்துநின்றார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை; அது ஏன் நடந்தது என்று விளக்கம் சொல்லப்படுகிறது. இரண்டாவதில்தான் ஒரு கருத்தை ஏற்கச் சொல்லிக் காரணம் காட்டப்படுகிறது. அது வாதம். வேறுபாடு காண ஒரு கேள்வி போதும்: 'இதை யாராவது சந்தேகிப்பார்களா?' சந்தேகிக்க இடமிருந்தால்தான் ஆதாரம் தேவைப்படும்.

சுட்டுச் சொற்களைக் கண்மூடி நம்புவது. ஏனெனில், எனவே, ஆனால், இருந்தபோதிலும் போன்ற சொற்கள் நல்ல துணை. ஆனால் கடினமான கேள்விகளில் அவை இருக்காது, அல்லது திசைதிருப்பும். ஆங்கிலத்தில் தேர்வெழுதுபவர் 'சின்ஸ்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சில இடத்தில் அது காரணம் சொல்லும். சில இடத்தில் 'அன்றிலிருந்து' என்று காலத்தை மட்டும் சொல்லும். 'ஆல்தோ' என்று தொடங்கும் பாதியில் ஒப்புதல் இருக்கும். எழுதியவரின் உண்மையான நிலைப்பாடு பெரும்பாலும் மற்றப் பாதியில் கிடைக்கும்.

ஒப்புதலை எதிர்க்கருத்தோடு குழப்புவது. (1)உம் (2)உம் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றுபோலத் தோன்றும். (1)ஐ எழுதியவர் ஏற்கவில்லை. (2)ஐ ஏற்கிறார், 'உண்மைதான்' என்று வாய்விட்டே சொல்கிறார். துர்நாற்றம் இருப்பதை ஒத்துக்கொண்டு, அதனால் முடிவு மாறாது என்கிறார். 'எழுதியவர் மறுக்கும் கூற்று' என்ற விடை (1)க்குப் பொருந்தும், (2)க்குப் பொருந்தாது.

வெளியறிவைக் கொண்டுவருவது. கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே சோஹோவில் சாவுகள் குறையத் தொடங்கிவிட்டன. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடியதை ஸ்னோவே சொல்லியிருக்கிறார். இந்த வரலாறு தெரிந்த மாணவருக்கு (3)ஐ 'பலவீனமான முடிவு' என்று குறைத்து மதிப்பிடத் தோன்றலாம். பலவீனமாக இருந்தாலும் அது மைய முடிவுதான். பங்கு வேறு, வலிமை வேறு.

பொய்யென்று காட்டுவதற்காக வைத்த கூற்றை எழுதியவர் கருத்தாக எடுத்துக்கொள்வது. 1638இல் வெளிவந்த நூலில் கலிலியோ ஒரு வாதம் வைத்தார். கனமான பொருள் வேகமாக விழும், லேசானது மெதுவாக விழும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துக் கட்டினால், லேசானது கனமானதைப் பின்னிழுப்பதால் வேகம் குறைய வேண்டும். ஆனால் சேர்ந்த எடை அதிகம் என்பதால் வேகம் கூடவும் வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்காது. ஆகவே தொடக்கத்தில் வைத்துக்கொண்டதே தவறு. இங்கே முதல் கூற்று கலிலியோவின் நம்பிக்கையும் அல்ல, அவர் முடிவுக்கு நேரடி ஆதாரமும் அல்ல. முரண்பாட்டில் கொண்டுபோய் நிறுத்தி முறியடிப்பதற்காகத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டது. '…என்று வைத்துக்கொள்வோம்' என்ற தொடரைக் கண்டால் பத்தியின் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

பாதுகாப்பு: தேர்வறையிலும் வெளியிலும்

1. நேரம் போவது தெரியாது. கிளாட்டில் பத்தியைப் படிப்பதையும் சேர்த்துக் கேள்விக்குச் சராசரி ஒரு நிமிடம்தான். இரண்டு முறை படித்தும் மைய முடிவு பிடிபடவில்லை என்றால் கேள்வியைக் குறித்துவைத்துவிட்டு நகருங்கள்.

2. தவறுக்கு மதிப்பெண் பிடிக்கும் தேர்வில் இரண்டு விடைகளை உறுதியாகக் கழித்த பிறகு ஊகிப்பது லாபம். எதையும் கழிக்க முடியாதபோது ஊகத்தால் பெரிய லாபம் இல்லை. எல்சாட்டில் தவறுக்குப் பிடித்தம் இல்லை. அங்கே எந்தக் கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

3. தீர்ப்புகளைப் படிக்கும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். இந்திய நீதிமன்றத் தீர்ப்பில் வழக்கின் பின்னணி வரும், மனுதாரர் தரப்பு வாதம் பக்கம் பக்கமாக வரும், எதிர்த்தரப்பு வாதம் வரும், அதற்குப் பிறகுதான் நீதிமன்றத்தின் காரணமும் உத்தரவும் வரும். நடுவிலிருந்து ஒரு பத்தியை எடுத்து 'நீதிமன்றம் இப்படிச் சொல்லியிருக்கிறது' என்று எழுதினால், தோற்றுப்போன தரப்பின் வாதத்தைத் தீர்ப்பாகக் காட்டிவிடும் ஆபத்து உண்டு. 13 நீதிபதிகள் அமர்ந்து 1973இல் தீர்ப்பளித்த கேசவானந்த பாரதி வழக்கு போன்றவற்றில் இது இன்னும் சிக்கல். அங்கே பெரும்பான்மையும் சிறுபான்மையும் 7-6. எந்த நீதிபதியின் வரி, அவர் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது.

4. வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செய்திகளிலும் இதே வெட்டுதான் நடக்கிறது. 'இந்தக் கஷாயம் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். அதற்குச் சான்று இல்லை' என்று ஒரு மருத்துவர் எழுதினால், முன்பாதியை மட்டும் வெட்டி அவர் படத்தோடு சுற்றவிடுவார்கள். எதிர்க்கருத்து ஒரே வெட்டில் முடிவாகிவிடுகிறது. இதை நம்பி மாத்திரையை நிறுத்துபவரின் உயிருக்கே ஆபத்து. யாருடைய வரியையும் பகிர்வதற்கு முன் அதற்கு முன்வரியும் பின்வரியும் என்ன என்று தேடிப் பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஆல்ஃபிரட் வெகனர் 1912இல் முன்வைத்த கண்டப்பெயர்ச்சிக் கருத்தைத் தழுவி எழுதிய வாதம் இது. ஒரு தாளில் எண்களை எழுதி, எது எதைத் தாங்குகிறது என்று அம்புக்குறி போடுங்கள்.

(1) மெசோசாரஸ் என்ற சிறிய ஊர்வனவின் புதைபடிவங்கள் தென் அமெரிக்காவிலும் கிடைக்கின்றன, ஆப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. (2) அந்த விலங்கால் அட்லாண்டிக் பெருங்கடலை நீந்திக் கடந்திருக்க முடியாது. (3) இரண்டு கண்டங்களுக்கும் நடுவே இருந்த நிலப்பாலம் பிற்பாடு கடலில் மூழ்கிவிட்டது என்று சில அறிஞர்கள் விளக்குகிறார்கள். (4) ஆனால் கண்டங்களின் பாறை, கடலடிப் பாறையைவிட அடர்த்தி குறைந்தது. (5) எனவே அப்படியொரு நிலப்பாலம் கடலடிக்குள் மூழ்கியிருக்க முடியாது. (6) இரண்டு கண்டங்களும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பதே பொருத்தமான விளக்கம்.

செய்து முடித்த பிறகு ஒப்பிடுங்கள்.

- (6) மைய முடிவு. 'எனவே' இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.
- (1), (2) ஆதாரங்கள். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது தனியாக எதையும் தாங்காது. அம்புக்குறி போடும்போது இரண்டையும் ஒரு கூட்டல் குறியால் இணைத்து, அங்கிருந்து ஒரே அம்பு போடுங்கள்.
- (3) எதிர்க்கருத்து. (1), (2) சொல்லும் செய்தியை இந்த அறிஞர்களும் மறுக்கவில்லை. அதே செய்திக்கு வேறு விளக்கம் தருகிறார்கள். 'மைய முடிவுக்குப் போட்டியான விளக்கம்' என்று விடையில் இருந்தால் அதுதான் சரி.
- (4) ஆதாரம்; ஆனால் நேராக (6)க்கு அல்ல, (5)க்கு.
- (5) இடைமுடிவு. போட்டி விளக்கத்தை விலக்கி, அதன் வழியாக (6)க்குத் துணை செய்கிறது.

(4)ஐ நேராக (6)ஓடு இணைத்தவர்கள் அந்த அம்பை அழித்துவிட்டு மீண்டும் போடுங்கள். பாறையின் அடர்த்தி மட்டும் கண்டங்கள் ஒட்டியிருந்ததாகச் சொல்வதில்லை.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன், ஏதாவது ஒரு நாளிதழின் தலையங்கத்தை எடுத்து இதே ஆறு படிகளையும் செய்யுங்கள். தலையங்கத்தில் மைய முடிவு தலைப்பிலேயே இருக்கலாம், கடைசிப் பத்தியில் வரலாம், சில நேரம் எங்குமே ஒரே வரியில் கிடைக்காமலும் போகலாம். கிடைக்காதபோது அதை நீங்களே ஒரு வாக்கியத்தில் எழுதிவைத்துக்கொண்டு மற்ற வரிகளுக்கு எண் கொடுக்கத் தொடங்குங்கள். முதல் வாரம் நாளுக்கு ஒரு தலையங்கம் போதும். வேகம் பிறகு வரும், முதலில் அம்புகள் சரியாக விழட்டும்.